ஆள் உயரத்துக்கு மேல்

சுருளிவேல் மச்சு வீடு கட்டியபோது எங்களுக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் வைத்த ஜன்னலைப் பற்றி ஊர் பேசியதற்கு வயிற்றெரிச்சல் காரணமில்லை. பக்கத்து வீட்டுக் கொல்லையைப் பார்த்து ஜன்னல் வைத்தால் ஆள் உயரத்துக்கு மேலே வைக்க வேண்டும். வெளிச்சம் வரும், கண் போகாது. ஓடைப்பட்டியில் வீடு கட்டிய எல்லாரும் அப்படித்தான் வைத்தார்கள். இவர் இடுப்பு உயரத்தில் வைத்தார். நேர் கீழே, பக்கத்து வீட்டு ராக்கையாவின் மனைவி சந்தனம்மாள் குளிக்கிற கல்.

ராக்கையா நயந்து கேட்டுப் பார்த்தார். "என் செவரு, என் சன்னலு. ஒனக்கென்னப்பா?" என்றார் சுருளிவேல். விவகாரம் உத்தமபாளையம் முன்சீப் கோர்ட்டுக்குப் போனது.

சுருளிவேலின் வக்கீல் வைகுண்டராஜ் கெட்டிக்காரர். மறைவுக்கென்று சட்டத்தில் தனி உரிமை கிடையாது என்று மதராஸ் ஹைகோர்ட் முன்பே சொல்லியிருந்த தீர்ப்பை எடுத்து வைத்தார். ஊர் வழக்கம் என்று நிரூபித்தால் மட்டுமே ராக்கையாவுக்கு வழி இருந்தது. அந்த வழியை அடைக்கத்தான் சுருளிவேல் கூண்டில் ஏறினார். "அப்படி ஒரு வழக்கம் எங்க ஊர்ல கெடையவே கெடையாதுங்க" என்று சத்தியம் பண்ணிச் சொன்னார். மறுத்துப் பேச ஊரில் ஆள் வரவில்லை. பாதித் தோட்டத்துக்குத் தண்ணீர் அவர் கிணற்றிலிருந்துதானே!

ஜெயித்த அன்று வீட்டுக்கு வீடு பூந்தி கொடுத்தார். ராக்கையா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார், அந்தக் கொழுப்பைப் பாருங்கள். சந்தனம்மாள் விடியுமுன் இருட்டில் குளித்துப் பார்த்தாள். கொஞ்ச காலத்தில் அவர்கள் வீட்டையே விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனார்கள்.

சில வருஷம் கழித்து, அந்த வீட்டை வாங்கிய போடி ஏலக்காய் வியாபாரி செல்வமணியும் மச்சு எழுப்பினார். ஜன்னலும் வைத்தார், சுருளிவேலின் கொல்லையைப் பார்த்து, இடுப்பு உயரத்தில்.

சுருளிவேலுக்குத் தாயில்லாத ஒரே மகள், மாயக்காள். அவள் முதுகில் வெண்படை. கார்போகரிசி எண்ணெய் தடவிக் கொல்லையில் காலை வெயிலில் முதுகைக் காட்டி உட்காரச் சொல்லியிருந்தார் வைத்தியர். தோல் நிறம் திரும்பத் தொடங்கியிருந்தது. கம்பத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்லாமலே நிச்சயமும் செய்திருந்தார் சுருளிவேல். சந்தனம்மாளைப் போல இருட்டில் குளித்துவிடலாம். இருட்டில் வெயில் காய முடியுமா?

ஓடினார் வைகுண்டராஜிடம். "ஒம்ம கேஸைத்தான்யா ஒமக்கு எதிரா வைப்பாக" என்று வக்கீல் எச்சரித்தார். கேட்டால்தானே.

கூண்டில் ஏறி, "ஆள் ஒசரத்துக்கு மேல சன்னல் வைக்கிறதுதேன் எங்க ஊரு வழக்கம்ங்கய்யா" என்றார் சுருளிவேல். எதிர்க்கட்சி வக்கீல் பழைய வாக்குமூலத்தை நிதானமாகப் படித்துக் காட்டி, "இதுவும் நீர் சொன்னதுதானே?" என்று கேட்டார்.

புது முன்சீப் நல்ல மனுஷர். முகத்தில் சங்கடம் தெரிந்தது. "ஹைகோர்ட் சொன்னதை நான் மாற்ற முடியாது. ஊர் வழக்கம் இல்லையென்று இதே கோர்ட்டில் சொன்னவர் நீங்கள். வேண்டுமானால் உங்கள் சுவரை உயர்த்திக்கொள்ளுங்கள்" என்று தள்ளுபடி செய்தார். ராக்கையாவுக்கும் இதே வார்த்தைதான் கிடைத்திருந்தது.

சுவரை உயர்த்தினால் வெயில் விழாது. தட்டி கட்டிப் பார்த்தார். மச்சிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தட்டி எம்மாத்திரம்? செல்வமணி வீட்டுப் பெண்கள் மாயக்காள் முதுகில் கண்டதைப் பேசினார்கள், பேச்சு கம்பம் போய்ச் சேர்ந்தது, நிச்சயத் தாம்பூலம் திரும்பி வந்தது.

அன்று சுருளிவேல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மாயக்காள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"சந்தனம்மா அத்தை வீட்டுக்குப் பூந்தி குடுத்துவிட்டீகளேப்பா, கொண்டுபோனது நான்தேன். அத்தை வாங்கல. வாசல்ல நின்னு என் தலையைத் தடவிவிட்டு, 'ஒனக்கு இந்த கதி வரக்கூடாது ஆத்தா'ன்னுச்சு."

சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனாள். தட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, செல்வமணி வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.