திங்கட்கிழமை மொட்டைக் கடிதம்

திங்கட்கிழமைதோறும் காலையில் மேலாளர் புகார்ப் பெட்டியைத் திறப்பார். அந்த நேரம் தையல் கூடத்தின் அறுபது மெஷின்களும் கொஞ்சம் மெதுவாகவே ஓடும். அன்று பெட்டியில் இருந்தது ஒரே ஒரு காகிதம். அவர் படித்தார், நிமிர்ந்து மேற்பார்வையாளரை ஒரு பார்வை பார்த்தார், மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் ரூமுக்கு வாங்கம்மா, பேசணும்" என்றார்.

அவ்வளவுதான், அது தன்னைப் பற்றிய மொட்டைக் கடிதம்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். மொட்டைக் கடிதம் என்ன செய்யும் என்று அந்தக் கூடத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. நாலு வருடத்துக்கு முன் அதே பெட்டியில் அவளே ஒன்று போட்டிருந்தாள், இடது கையால் எழுதி. அப்போது மேற்பார்வையாளராக இருந்த அக்கா, நூல்கண்டுகளை வீட்டுக்குக் கடத்துகிறார் என்று. பச்சைப் பொய். இவளுக்கு மெஷினில் உட்காரக் கற்றுக்கொடுத்ததே அந்த அக்காதான். அக்கா அழுதுகொண்டே போனார், பதவி இவளுக்கு வந்தது.

நேற்றுக்கூட ஞாயிறு ஆராதனையில் போதகர், விதைத்ததைத்தான் அறுக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். இவளும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு நன்றாக உறைக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

இப்போது பதவி போகப் போகிறது. போட்டுக்கொடுத்தது யார்? பித்தான் தைப்பவள் காலையில் சிரித்தாளே, காரணமில்லாமல் ஏன் சிரிக்க வேண்டும்? துணி வெட்டும் மாஸ்டர் சிரிக்கவே இல்லை, அதுவும் சரியில்லை. மூன்றாவது வரிசையில் அவளுடைய நாத்தனார். ஒரே பஸ்ஸில் வந்தும் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. ஊசி ஒடிந்ததென்று ஸ்டோருக்குப் போனவள் பத்து நிமிடம் கழித்து வந்தாள். ஸ்டோருக்கு அடுத்த அறைதான் மேலாளருடையது. அதோடு முடிந்தது கணக்கு.

மதியம் சாப்பாட்டு அறையில் நாத்தனாரை டப்பாவைத் திறக்கக்கூட விடவில்லை.

"நீதானே எழுதிப் போட்டே?"

நாத்தனார் விழித்தாள். "உங்களுக்குக் கெட்டதா எதுவும் எழுதல அண்ணி."

"எழுதவே இல்லைன்னு சொல்லல பாரு. வேலை வாங்கிக் கொடுத்தவளுக்கே குழி பறிக்கிறியா? பேர் போடாம எழுதறவ என்ன எழுதுவான்னு எனக்கா தெரியாது? அக்காவை இங்கேருந்து அனுப்பினதே நான் எழுதின ஒரு துண்டுக் காகிதம்தான். என்கிட்டயே அந்த வித்தையைக் காட்டுறியா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அறையில் ஒருவரும் மெல்லவில்லை. நாத்தனார் திறக்காத டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பித்தான்காரி பின்னாலேயே போனாள், பிறகு மற்றவர்களும்.

சாயங்காலம் மேலாளரின் மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. முதலாவதை அவள் பக்கம் நகர்த்தினார்.

'எங்க மேற்பார்வையாளர் அம்மாவுக்கு முதுகு வலி. நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பாக்கறாங்க. வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க. ஒரு ஸ்டூல் குடுங்க சார்.' வீட்டு மளிகைச் சீட்டில் வாரந்தோறும் அவள் பார்க்கும் அதே கையெழுத்து.

"இது மத்தியானம் வந்தது" என்று இரண்டாவதை நகர்த்தினார். அதில் அக்காவின் கதை இருந்தது. கீழே முப்பது பேர் பெயர் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார்கள். முதல் பெயர் நாத்தனாருடையது.

"உண்மையாம்மா?"

சந்தேகப்பட இனி ஒருவரும் மிச்சமில்லை.

"உண்மைதான் சார்."

மேலாளர் இரண்டு காகிதங்களையும் மடித்து வைத்தார். "அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியும் சார். நாலு வருஷமா அவங்க தெருவுல கால் வைக்காம, பஸ் ஸ்டாப்புலேருந்து சுத்தித்தான் வீட்டுக்குப் போறேன்."