கடைசி பஸ் போன பிறகு

வாளையார் செக்போஸ்டுக்கு மேற்கே ஜெர்மன் இலக்கணத்தைப் பூபதிராஜா அளவுக்குக் கரைத்துக் குடித்தவன் கிடையாது. சொன்னது பூபதிராஜாவே என்பதால் சாட்சிக்கு அலைய வேண்டியதில்லை. நர்சிங் முடித்துவிட்டு, கொழிஞ்சாம்பாறை உரக்கடை மாடியில் நடக்கும் ஜெர்மன் வகுப்பில் முதல் பெஞ்சைப் பிடித்திருந்தான்.

அதனால் வகுப்பெடுக்கும் ஜோமோள் மிஸ் கொடுத்த வெப்குவெஸ்ட், அதாவது இணையத்தில் தேடிச் செய்யும் பயிற்சி, அவனுக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டாகப் பட்டது; அதைத் தொடவே இல்லை.

"புத்தகம் அடைச்சு வைங்க. நீங்க வேலைக்குப் போற ஊரு. டூட்டி கழிஞ்சது, கடைசி பஸ்ஸும் போயாச்சு. ஹாஸ்டலுக்கு எப்படிப் போவீங்க? அந்த ஊர்க்காரங்க வெப்சைட்ல தேடிக் கண்டுபிடிச்சு, ஜெர்மன்ல வந்து சொல்லணும்."

கூடப் படிக்கும் யோகப்பிரியா அன்றே தொடங்கிவிட்டாள். செல்போன் வரைபடத்தில் அந்த ஊர்த் தெருவுக்குள் இறங்கி, விரலால் நடந்து, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் ஜெர்மனில் வணக்கம் சொன்னாள். படத்தில் எல்லோருடைய முகத்தையும் மங்கலாக்கியிருந்தார்கள்.

"ஏனம்மிணி, மூஞ்சியே இல்லாதவங்களுக்கு வணக்கம் வெக்கறயே, எவனாச்சும் திருப்பி வெச்சானா?" என்றான் பூபதிராஜா.

"நடுங்கறத இங்கயே நடுங்கி முடிச்சுக்கறனப்பா. நீ அங்க போயி நடுங்கிக்கோ."

வகுப்பு சிரித்தது. பூபதிராஜாவும் பெருந்தன்மையாகச் சிரித்துவைத்தான்.

அடுத்த வாரம் பூபதிராஜாவுக்கு நேர்காணல். கணினித் திரையில் அவன் வேலைக்குப் போகவிருந்த ஜெர்மன் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். இரவில் வேலை முடிந்தால் எப்படித் திரும்பிப் போவீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். போகிறேன், போனேன், போயிருந்தேன் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எங்கே, எதில் என்பதைக் காணோம். அந்த அம்மாள் பொறுமையாகக் காத்திருந்தார். திங்கட்கிழமை இன்னொரு முறை பேசலாம், அதோடு முடிவு சொல்லிவிடுவோம் என்றார்.

"என்ன சாமி கேட்டாங்க?" என்றாள் அம்மா மருதாத்தாள்.

"பஸ்ஸப் பத்தீம்மா."

"பஸ்ஸா? நர்சு வேலைக்குத்தான கூப்புட்டாங்க?"

ஞாயிறு மத்தியானம் தோப்பில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, செல்போன் வரைபடத்தில் அந்த ஆஸ்பத்திரித் தெருவைத் திறந்தான். இலக்கணப் புத்தகத்தில் ஆளே கிடையாது; அதுதான் அதிலிருந்த சுகம் என்று இப்போது தெரிந்தது. இங்கே ஈரமான நடைபாதை, சாத்திய கதவுகள், ஒருவரும் இல்லாத பஸ் நிறுத்தம். வழி கேட்க ஒரு டீக்கடை கிடையாது. குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று அந்த ஊரின் வெப்சைட் நல்ல செய்திபோலச் சொன்னது. இரண்டு திருப்பம் திரும்பியதும் ஆஸ்பத்திரியைக் காணவில்லை. திரும்பி வந்தால் வேறு தெரு. சொந்தத் தென்னைமரத்தில் சாய்ந்துகொண்டே அவன் தொலைந்துபோயிருந்தான். செல்போனை அணைத்தால் தீர்ந்தது. விரல் போகவில்லை.

தெருமுக்கில் ஒருவர் நாயோடு வந்துகொண்டிருந்தார். நாயின் முகத்தையும் சேர்த்து மங்கலாக்கியிருந்தார்கள்.

பூபதிராஜா வாய்க்கால் பக்கம் பார்த்தான், வீட்டுப் பக்கம் பார்த்தான். எழுந்து நின்று, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டான்.

"கூட்டன் மோர்கன்" என்று ஜெர்மனில் காலை வணக்கம் சொன்னான், தனக்கே கேட்காத குரலில்.

படத்தில் அந்த மனிதரின் ஒரு கால் நடைபாதையிலிருந்து தூக்கியபடியே இருந்தது. பூபதிராஜா தென்னைக்கு இந்தப் பக்கமாக ஓரடி ஒதுங்கி, வழிவிட்டு நின்றான்.