காற்றே இல்லாத காலை

கிரேன்காரருக்கு இருபது வயதில் ஒட்டிக்கொண்ட ஒற்றைத் தலைவலி, நாற்பத்தைந்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "வயசானா எல்லாருக்கும் நோய் வரும். எனக்குப் போகுது பார்த்தியா!" என்று எட்டு வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

இப்போது ஆறு வாரமாக வேறு தொல்லை. அவர் வேலை செய்வது அறுபது மீட்டர் உயரத்தில், ஒரே ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டில். காற்றடித்தால் கூண்டு ஆடத்தான் செய்யும். அதனால் முதல்தடவை கூண்டு சுற்றுவதுபோல் இருந்தபோது காற்று என்றே நினைத்தார். சுமையை அந்தரத்தில் நிறுத்தி, "காத்து, மாப்ளே" என்று வாக்கி-டாக்கியில் சொன்னார். கீழே கைகாட்டுகிறவன் அவருடைய மனைவியின் தம்பி. "சரி அத்தான்" என்றான். இரண்டு நிமிஷத்தில் சுற்றல் நின்றது. நாலைந்து நாளில் மறுபடியும் காத்து. மூன்றாவது தடவைதான் காற்று மீட்டரைப் பார்த்தார். பூஜ்ஜியம். மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினாரே ஒழிய, தன்மேல் சந்தேகம் வரவில்லை அந்த மகானுபாவருக்கு!

ஆறாவது வாரத்தில் ஒருநாள் மகளை டாக்டரிடம் கூட்டிப்போனார். கல்லூரியில் படிக்கிற பெண். தலை பிளக்கிற வலி, கூடவே அறையே சுற்றுகிறது, வெளிச்சம் பட்டால் வாந்தி.

"இதுவும் ஒற்றைத் தலைவலிதான். காதுக்குள்ள நிதானத்தைப் பார்த்துக்கிற இடத்தையும் சேர்த்து ஆட்டுது" என்றார் டாக்டரம்மா. "வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

"எனக்கு இருந்துச்சு. நல்லாயிடுச்சு."

"வலி போயிருக்கும். சிலருக்கு வயசு ஏற ஏற வலி குறைஞ்சு, சுத்தல் மட்டும் தனியா வரும். வலி இல்லாததால அதுவும் இதே நோய்தான்னு தோணாது. உங்களுக்குச் சுத்துதா?"

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"சேச்சே! நான் கிரேன் ஓட்டுறவன் டாக்டர்."

இதெல்லாம் ஒரு பதிலா? ஆனால் உண்மையைச் சொன்னால் கூண்டில் ஏற விடமாட்டார்கள். மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. இந்த வயதில் வேறு வேலைக்கு யாரிடம் போய் நிற்பது? வீடு வரும்வரை மகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று கூண்டு இடப்பக்கம் சாய்ந்தது. கை தானாக லிவரை வலப்பக்கம் தள்ளியது. சாயாத கிரேன் திரும்பியது. இரண்டு டன் கம்பி, மாப்பிள்ளையின் தலைக்கு நேர்மேலே போய்த் தொங்கியது.

கிரேன்காரர் லிவரை விட்டுவிட்டு வாக்கியை எடுத்தார்.

"ஓடு மாப்ளே! காத்தெல்லாம் இல்லடா, எனக்குத்தான் தலை சுத்துது!"

அந்த வாக்கியில் மேஸ்திரி முதல் இன்ஜினியர் வரை அத்தனை பேரும் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது. மாப்பிள்ளை விலகி ஓடி நின்று, "இறக்குங்க… மெதுவா… இன்னும் கொஞ்சம்… போதும்" என்றான். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலை நம்பிச் சுமையை இறக்கினார்.

பிறகு அவரை இறக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளையே ஏறி வந்தான். ஏணியில் அவருக்கு ஒருபடி கீழே நின்று, அவர் காலைப் பிடித்துப் பிடித்துப் படியில் வைத்தான்.

"ஆறு வாரமா, வேலை நின்னப்பல்லாம் காத்துன்னு மேஸ்திரிகிட்ட எழுதிக் குடுத்துட்டு இருந்தேன் அத்தான்" என்றான். "கீழ ஒரு தூசி பறக்கல."

"தெரிஞ்சேவா?"

"அக்கா முகத்தை நெனைச்சுப் பார்த்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னும் இருந்தேன்."

"தெரிஞ்சுமாடா சுமைக்குக் கீழ நின்னே?"

"நீங்க தூக்குனாலே தள்ளித்தான் நிப்பேன் அத்தான். இன்னைக்கு என்னவோ மறந்துட்டேன்."

கிரேன்காரர் இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டு அழுதார். அடுத்த படியில் கால் வைக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.