தாளில் இல்லாத இடி

மார்லிஸ் கொசாக் பாடத்திட்டம் எழுதாத தொழில் அந்த வட்டாரத்தில் இல்லை. அவளுக்குச் செய்யத் தெரிந்த தொழிலும் ஒன்றுகூட இல்லை. வெல்டிங்குக்கு எழுதியிருக்கிறாள், ஒரு தகட்டைக்கூட ஒட்டியதில்லை. போர்க்லிப்ட் ஓட்டுவதற்கு எழுதியிருக்கிறாள், சொந்தக் காரையே சுவரில் உரசாமல் நிறுத்த மாட்டாள். விஸ்கான்சினில் அந்தச் சின்ன ஊர்த் தொழிற்கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை இதுதான்: தெரிந்தவர்களைப் பேச வைத்து, தெரியாதவர்களுக்காக எழுதுவது.

இப்போது அந்த வேலைக்கே உலை வைத்திருந்தார்கள். ஊர்ச் சீஸ் ஆலை புதிதாக இருபத்து நான்கு பேரை எடுக்கப் போகிறது. அட்டைப்பெட்டி மடிக்கும் இயந்திரத்தில் அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். வெள்ளிக்கிழமை மார்லிஸின் பாடத்தாள் தேறினால் பயிற்சி கல்லூரிக்கு. தேறாவிட்டால் ஆலை, அட்லாண்டாவில் எவனோ விற்கிற வீடியோ பாடத்தை வாங்கிக்கொள்ளும். மார்லிஸின் பிரிவை இழுத்து மூடிவிட்டு, வண்டி நிறுத்த அனுமதிச் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் அவளை உட்கார வைப்பார்கள். இதைச் சொன்ன டீன் கெரிட் ஹால்வர்சன், "அந்த ஜன்னல்ல நல்லா வெயில் வரும் மார்லிஸ்" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஆலையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் டுவேன் ஹாபெக், அந்த இயந்திரத்தோடு பத்தொன்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவன். இன்னொருத்தி அடுத்த ஷிப்டில் நிற்கும் ரோசால்வா, வாய்க்குப் பூட்டு இல்லாதவள். மார்லிஸ் டோனட் பெட்டியைத் திறந்து வைத்தாள். மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டோடு சுவரோரம் போய் நின்றாள். அவர்கள் சொல்லச் சொல்ல, ஒரு வேலைக்கு ஒரு தாள் என்று இவள் எழுதி ஒட்ட வேண்டும்.

"காலையில மெஷின்கிட்ட வந்து நின்னதும் என்ன செய்வீங்க டுவேன்?"

"ஓட்டுவேன்."

"அதுக்கு முன்னாடி?"

"காபி குடிப்பேன்."

"காபிக்கும் ஓட்டறதுக்கும் நடுவுல?"

டுவேன் ஒரு டோனட் தீரும்வரை யோசித்தான். "அட்டையை அடுக்கணும். பசை சூடாச்சான்னு பாக்கணும். மெஷின் கதவை மூடணும். பச்சை பட்டனை அமுக்கணும். அவ்ளோதான். என் நாய்கூடச் செய்யும்."

"உன் நாய் செஞ்சா கழிவாவது கம்மியாகும்," என்றாள் ரோசால்வா.

கல்லில் நார் உரிப்பதுபோல உரித்து, சாயங்காலத்துக்குள் மார்லிஸ் பதின்மூன்று தாள் ஒட்டிவிட்டாள். கதவை மூடுவது பன்னிரண்டு, பச்சை பட்டன் பதின்மூன்று.

மறுநாள் சோதனை. மார்லிஸ் எந்தப் பாடத்தையும் ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லாமல் வெளியே விட்டதில்லை. கை தானாக உதவிக்கு நீளாதபடி தெரிந்தவர்கள் அப்போது தங்கள் உள்ளங்கைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும், வாயும் திறக்கக்கூடாது. ஒன்றுமே தெரியாதவர் என்றால் கல்லூரியில் டீனை விட்டால் ஆள் இல்லை. ஸ்டேப்ளரில் பின் தீர்ந்தாலே உதவிக்கு ஆள் கூப்பிடுகிறவர் அவர். ஆலை நன்கொடையாகக் கொடுத்த, அதே ரகப் பழைய இயந்திரம் ஒன்று கல்லூரிப் பட்டறையில் நின்றது. டீன் கோட்டைக் கழற்றிவிட்டு, தாளைப் பார்த்துப் பார்த்துப் பதின்மூன்றையும் செய்தார். இயந்திரம் ஒரு பெருமூச்சு விட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

இன்னொரு தடவை செய்தார். மூன்றாவது தடவையும் செய்தார். சிவப்புதான்.

டுவேன் உள்ளங்கைமேல் உட்கார்ந்தபடி நெளிந்தான். "மார்லிஸ், ஒரே ஒரு வார்த்தை..."

"மூச்!"

நாலாவது சிவப்பில் அவனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், "நகருங்க சார்," என்றான். கதவை மூடினான், பட்டனை அமுக்கினான். டக்கு டக்கென்று பெட்டிகள் வந்து விழுந்தன.

"இப்ப நான் என்ன புதுசாச் செஞ்சேன்? அவர் செஞ்சதையேதான் செஞ்சேன்!"

டீனின் காது சிவந்தது. மார்லிஸ் அவனைத் திரும்பச் செய்யச் சொல்லிப் போனில் படம் பிடித்தாள். ஏழு தடவை பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. எட்டாவது தடவை பிடிபட்டது. கதவை மூடிவிட்டுப் பட்டனுக்குத் திரும்புகிற அந்தக் கணத்தில், டுவேனின் வலது இடுப்பு அட்டைகள் அடுக்கிய தட்டின் பக்கவாட்டில் நங்கென்று ஓர் இடி இடித்தது.

"நானா? இடுப்பாலயா? போங்கம்மா!"

காட்டினாள். அவன் அதை வேறு யாருடைய இடுப்பையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். ரோசால்வா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பத்தொம்பது வருஷமா மெஷின்கூட ஆடிட்டு இருந்திருக்கியா! உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"நீங்க வாங்க ரோசால்வா," என்றாள் மார்லிஸ்.

ரோசால்வாவும் இடித்தாள். அவளுக்கு இடது இடுப்பு. படத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று.

விஷயம் சின்னதுதான். ஈரக் காற்றில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓர் இடி விழுந்தால் பிரியும். இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இது இல்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டி நிறைய இருந்தது, அகப்பைக்குத்தான் எட்டவில்லை.

கதவுக்கும் பட்டனுக்கும் நடுவே மார்லிஸ் ஒரு புதுத் தாள் ஒட்டினாள்: 'அட்டைத் தட்டின் பக்கவாட்டில் இடுப்பால் ஒருமுறை இடிக்கவும்.' டீன் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"மாநில அலுவலகத்துக்குப் போற தாள்ல இடுப்பா? சிரிப்பாங்க மார்லிஸ்."

"இது இல்லாட்டி ஓடாது சார். உங்களுக்கே ஓடலியே."

"எனக்கு எதுதான் ஓடுச்சு? வேற யாருக்காவது ஓடும்."

பதின்மூன்று வேலைகளோடு தாளை அச்சுக்கு அனுப்பிவிட்டார். மார்லிஸுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மிச்சமிருந்த டோனட் மூன்றையும் நின்றபடியே தின்று தீர்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஆலை மேலாளர் கொரீன் ஸ்டாட்லர் வந்தாள். கைப்பையிலிருந்து அட்லாண்டா ஒப்பந்தம் எட்டிப் பார்த்தது. மார்லிஸ் படம் பிடிக்கப் போனை எடுத்தாள். டுவேனும் ரோசால்வாவும் உள்ளங்கைமேல் உட்கார்ந்தார்கள். டீன் கோட்டைக் கழற்றப் போனார்.

"நீங்க இருங்க, நானே செஞ்சு பாக்கறேன்," என்றாள் கொரீன். "காலேஜ் படிக்கிறப்ப ஒரு லீவு முழுக்க இந்த மெஷின்லதான் நின்னேன். முப்பது வருஷம் ஆச்சு. எல்லாம் மறந்து போச்சு."

வரிக்கு வரி சத்தமாகப் படித்துச் செய்தாள். அட்டை, பசை, கதவு. பட்டனுக்குத் திரும்பினாள். விலையுயர்ந்த சாம்பல் நிற ஸ்கர்ட்டுக்குள்ளிருந்து ஓர் இடுப்பு நங்கென்று இடித்தது. டக்கு டக்கென்று பெட்டிகள் விழுந்தன.

"அருமை! தாள்ல ஒரு குறையும் இல்ல," என்று கொரீன் பேனாவைத் திறந்தாள். டீன் வாயெல்லாம் பல்லாக நின்றார். டுவேன் கூரையைப் பார்த்தான். ரோசால்வா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மார்லிஸுக்கு ஜன்னல் இல்லை, வெயில் இல்லை. ஆனால் திங்கட்கிழமை இருபத்து நான்கு பேர் வருவார்கள், ஒருவருக்கும் இந்த இடுப்பு இருக்காது. சிவப்பு விளக்கைப் பார்த்துத் தங்களைத்தான் மட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் பக்கம் நிற்கத்தான் கல்லூரி இவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது.

"மேடம், கையெழுத்துப் போடாதீங்க. இந்தத் தாள் தப்பு."

டீனின் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது.

"தாள்ல இல்லாத ஒண்ணச் செஞ்சீங்க. இடுப்பால இடிச்சீங்க."

"நானா?" கொரீனின் குரல் ஏறியது. "நான் எங்க இடிச்சேன்?"

"நானும் இப்படித்தாங்க மேடம் சொன்னேன்," என்றான் டுவேன், உள்ளங்கைமேல் உட்கார்ந்தபடியே.

மார்லிஸ் போனை நீட்டினாள். கொரீன் இரண்டு தடவை பார்த்தாள். டீன் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் கொரீன் சிரித்தாள், கைப்பை தரையில் விழுகிற அளவுக்கு.

"இது ஏன் தாள்ல இல்ல?"

யாரும் டீனைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்ததிலேயே கொரீனுக்குப் புரிந்துவிட்டது. "அட்லாண்டா வீடியோவுல இது இருக்கா?" என்று கேட்டாள்.

"அட்லாண்டாக்காரனுக்கு இடுப்பே கிடையாது மேடம்," என்றாள் ரோசால்வா.

"சரி. அதை எழுதிச் சேருங்க. டீன் சார், நீங்க வாங்க. உங்களுக்கு ஓடுச்சுன்னா கையெழுத்து. இல்லாட்டி அட்லாண்டா."

மார்லிஸ் பென்சிலால் எழுதிச் சேர்த்தாள். அவளுடைய இருபத்திரண்டு வருடமும் இப்போது டீனின் இடுப்பில் வந்து நின்றது. அவர் கதவை மூடினார். சர்ச்சில் பக்கத்தில் இருப்பவர்மேல் தெரியாமல் பட்டுவிட்டதுபோல மெதுவாக ஓர் இடி. பட்டன். சிவப்பு.

"எவ்ளோ வேகமா இடிக்கணும்னு தாள்ல இல்லியே!" என்று டீன் கத்தினார்.

மார்லிஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெரியாதவன் சொல்லும் குறையில் நியாயம் இல்லாமல் போகாது. இத்தனை வருடத்தில் டீன் சொன்ன முதல் உருப்படியான குறை அது. "எனக்கு ஒரு நிமிஷம் குடுங்க மேடம்," என்று தாளை வாங்கி எழுதினாள்: 'இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது, சிக்கிக்கொண்ட சமையலறை இழுப்பறையை இடுப்பால் மூடுகிற வேகம்.'

டீன் உதடசைத்துப் படித்தார். அவர் வீட்டிலும் அப்படி ஓர் இழுப்பறை இருந்திருக்க வேண்டும். முகத்தில் ஒரு பழைய கோபம் வந்தது. நங்கென்று இடித்தார், பட்டனை அமுக்கினார்.

டக்கு.

கொரீன் கையெழுத்துப் போட்டதை மார்லிஸைத் தவிர யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் டீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முதலில் விழுந்த பெட்டியை எடுத்து, பசைச் சூடு ஆறாத அதன் மடிப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் செஞ்சது," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

சாயங்காலம் மார்லிஸ் தன் காருக்குப் போகும் வழியில் டீனின் காரைப் பார்த்தாள். முன்னிருக்கையில் அந்தக் காலிப் பெட்டி இருந்தது, பெல்ட் மாட்டி.