நாலு மணி நேர வேலை

நுரையீரல் கட்டியை எடுக்க நாலு மணி நேரம் ஆகும் என்று சொல்லித்தான் அவள் புருஷனை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அவளும் அவள் நாத்தனாரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் கதவு திறந்தது.

"எட்டாம் நம்பர் பெட்டுக்கு யாரு வந்திருக்கீங்க?" என்றாள் நர்ஸ். "முடிஞ்சிருச்சு. டாக்டர் பேசணுமாம்."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவளும் புருஷனும் வேலை பார்க்கிற பட்டறையில் சீக்கிரம் முடிந்தது என்றால் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லாரி பிரேக் கட்டைகளை இருபத்திரண்டு வருஷமாகத் தேய்த்துக் கொடுக்கிற மனுஷன், எட்டு மணி நேர வேலையை ஆறு மணி நேரத்தில் முடித்துவிட்டு, ஒரு பீடிகூடக் குடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மிஷின் என்றுதான் அங்கே அவருக்குப் பெயர். அவர் தேய்த்துத் தள்ளுவதைப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை.

"பாத்தீங்களா அண்ணி, உங்க தம்பி மாதிரியே டாக்டரும் கைவேகக்காரர் போல!"

"நாலு மணி நேரம்னு சும்மா நம்மள மிரட்டியிருக்காங்கடி," என்று நாத்தனார் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

டாக்டர் சிரிக்கவில்லை.

"ஓரமா துளை போட்டு முதல்ல உள்ள பாத்தோம்மா. நுரையீரலச் சுத்தித் தண்ணி கோத்திருக்கு. மேல் உறை பூரா பொட்டுப் பொட்டா நோய் பரவியிருக்கு. அதனால கட்டியில கை வைக்கல. தண்ணிய மட்டும் எடுத்துட்டு மூடிட்டோம்."

"அதான் தண்ணிய எடுத்துட்டீங்களே சார். கையோட கட்டியையும் எடுத்திருக்கலாமே?"

"பரவின பிறகு வெட்டி எடுத்துப் பிரயோஜனம் இல்லம்மா. தண்ணி மறுபடியும் ஊறும். மூச்சு முட்டாம பாத்துக்கலாம், மருந்து கொடுக்கலாம். குணப்படுத்த முடியாது."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ஃபைலைப் புரட்டினார்.

"ஸ்கேன் எடுத்துப் பத்து வாரம் ஆச்சு. அதுல தண்ணி இல்ல. உடனே வந்து சேரச் சொன்னேனே?"

ஸ்கேன் எடுத்த வாரத்தில்தான், பெரிய சரக்கு லாட்டு ஒன்று வந்திருக்கிறது, முடித்துக் கொடுத்துவிட்டுப் போ, இல்லாவிட்டால் உன் இடத்தில் வேறு ஆளைப் போடுவேன் என்று பட்டறை மேஸ்திரி அவரிடம் சொல்லியிருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது, "முடிச்சே கொடுத்துடுங்க, திரும்பி வந்தா வேலை இருக்கணும்ல," என்று சொன்னது அவர் இல்லை. அவள்தான்.

"அப்பவே வந்திருந்தா பொழச்சிருப்பாரா சார்?"

"அத இப்ப யாரும் சொல்ல முடியாதும்மா."

அதற்கு டாக்டர் ஆமாம் என்றே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள். பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

விலாவிலிருந்து ஒரு குழாய் கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலுக்குப் போனது. சாயங்காலம் அவர் கண் திறந்தார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாலு மணி நேரம்," என்றாள் அவள்.

"அப்ப முழு வேலையும் பாத்திருக்காங்க," என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மேஸ்திரிகிட்ட சொல்லிடு. ரெண்டு மாசத்துல வந்துடுவேன்னு."

"சொல்றேங்க."

இரண்டு நாள் லீவுதான் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் நாத்தனாரை ஆஸ்பத்திரியில் இருத்திவிட்டுப் பட்டறைக்குப் போனாள். அந்த லாட்டு முழுவதும் அவள் அடுக்கிய பெட்டிகளிலேயே கூரை வரைக்கும் நின்றது. ஒரு பெட்டிகூட நகரவில்லை.

"வாங்குறவன் வேணாம்னுட்டான்மா," என்றார் மேஸ்திரி. "எல்லாத்தையும் பிரிச்சு, வேற பேரு போட்ட சீட்டு ஒட்டணும். மிஷின் எப்படி இருக்கான்?"

"இருக்காரு."

அவள் முதல் பெட்டியைக் கிழித்தாள். தேய்த்த தூள் கட்டைகள் மேல் அப்படியே படிந்திருந்தது.

"தூசியோட ஒட்டினா நிக்காது. ஊதிட்டு ஒட்டு," என்று மேஸ்திரி காற்றுக் குழாயை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அழுத்தினாள். தூள் கிளம்பி முகம் முழுக்க அப்பியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டையை எடுத்தாள்.