வலப்பக்க வகிடு

1

இந்தக் கதை பாதி மீசையில் பிறந்தது. அன்று காலை என் கணவர் சன்னலோரம் நின்று மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்திருந்தது.

"இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் மாமனார்" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே டீயா குடுத்துடு."

அப்போது பேப்பர் வந்து விழுந்தது.

2

[‘நாட்டின் வரலாற்றில் அது ஓர் இருண்ட’ என்று தொடங்கி, விட்டுவிட்டேன். அன்று நல்ல வெயில்.]

நாட்டின் தலைவருக்கு முடி வெட்டுவது என் கணவரின் வேலை. முதல் பக்கத்தில் தலைவர் தலையணையில் சாய்ந்திருந்தார். ‘உடல்நலம் தேறி வருகிறார்.’

"ஐயோ, வகிடு மாறிப்போச்சு. எப்பவும் பின்னாடி நின்னுதான் வாருவேன். நேத்து படுத்திருந்தாரு, முன்னாடி நின்னேன். வலது பக்கம் எடுத்துத் தொலைச்சுட்டேன்."

"ஏங்க, அவரு சொல்லலையா?"

என்னையே பார்த்தார். தலைவர் செத்துவிட்டார் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

3

அரசியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதற்கு அவ்வளவுதான் தகுதி. நாற்காலி கைக்கு வரும்வரை சாவை மறைக்க தலைவரின் மகன் எடுத்த படம் அது. ராணுவத் தளபதிக்கும் அதே நாற்காலி வேண்டும். மதியத்துக்குள் தளபதியின் வானொலி அந்த வகிட்டைச் சொல்லிச் சிரித்தது.*

அதற்கு முன்பே வாசலில் ஒரு கார். கொடி இல்லை. யாருடையது என்று இன்றும் தெரியாது.

"சாயத்தைக் கொட்டிடாத, வந்து மீதியப் பூசிக்கிறேன்" என்று அதில் ஏறிக் கிளம்பினார்.

* வேறு வீட்டில் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

4

முடிவு அ: வகிடு மாறியதற்காக மகனின் ஆட்கள் அவரைக் கொன்றார்கள்.

முடிவு ஆ: தளபதியின் ஆட்கள் சாட்சி சொல்லச் சொன்னார்கள், அவர் நெஞ்சை நிமிர்த்தி மறுத்து

இல்லை. பல்லிக்குப் பயப்படும் மனிதர் அவர்.

5

பிறகு மகன் தளபதியின் மகளைக் கட்டிக்கொண்டான். மாப்பிள்ளை அதிபர், மாமனார் பிரதமர். (கதைக்காகச் சேர்த்ததல்ல. என் பழைய கேலிக்கு இப்படி ஒரு கதி.) படம் எடுத்த அன்று தலைவர் உயிரோடுதான் இருந்தார் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். அப்படியானால் என் கணவர் எதற்கும் சாகவில்லை.

இறப்புச் சான்றிதழ் கேட்டுப் போனேன்.

"செத்ததுக்கு என்னம்மா ஆதாரம்?" என்றார் குமாஸ்தா. "எங்கயாவது நல்லா இருப்பாரு, போங்க."

அ, ஆ, எது வேண்டுமோ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். குமாஸ்தாவின் தலைக்கு மேல் அந்தப் படம்தான் தொங்குகிறது. வகிடு வலப்பக்கம்.