பூசணம் பூத்த சுருட்டு

அம்மா போய்ப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. துர்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அம்மாவின் சுருட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் ஆறு. ஐப்பசி மழையில் பரண்மேல் இருந்த பிஸ்கெட் டப்பாவுக்குள் ஈரம் ஏறியிருந்தது. வெள்ளைப் பூசணம் மேலோடு நிற்கும், துடைத்தால் போய்விடும். பச்சை உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கிய ஒன்றை ஒதுக்கிவைத்தாள்.

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியை ஒட்டி நின்று, வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் இளம்பரிதி ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நுரையீரல் போச்சின்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே நிறுத்த வச்சிட்டேன். ரெண்டு வருசமா ஒண்ணுகூடத் தொடல. என் பேச்ச தட்ட மாட்டாங்க."

கலைவாணி சித்தி தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"அம்மா கையில வைக்கணும் சித்தி."

"வைடி, வை. இல்லன்னா எங்கக்கா பாதி வழியில எழுந்து திரும்பி வந்துடுவா."

சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சத்தத்துக்கு அண்ணன் வந்துவிட்டான்.

"நிறுத்துனவங்க கையில சுருட்டு வச்சா பாக்கறவன் இன்னா நெனப்பான்? அறிவு இருக்கா உனக்கு?"

ஒதுக்கிவைத்த பச்சைச் சுருட்டு அவன் கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் உயர்த்திக் காட்டினான்.

"பாத்துக்குங்க. வீட்லயே இருந்திருக்கு. பூசணம் பூத்துக் கெடக்கு. தொட்டிருந்தா பூக்குமா?"

"கட்டுப்பாடான பொம்பள" என்றார் மூலக்குளத்து மாமா. அம்மாவை உயிரோடு இருந்தவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

துர்கா நான்கு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள். ஐந்து சுருட்டுகளோடு கூடத்துக்கு வந்து, ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.

"துர்கா, உள்ள போ."

அவள் போகவில்லை. சேர்த்துக் கட்டியிருந்த அம்மாவின் கைக் கட்டைவிரல்களுக்கிடையில் ஒரு சுருட்டைச் செருகினாள். முதல்முறை நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி செருகினாள்.

"சொன்னா கேக்க மாட்டியா? அம்மா விட்டுட்டாங்கடி!"

"நேத்து மத்தியானம் கேட்டாங்க அண்ணே. நான்தான் பூசணத்தத் தொடச்சி, பத்த வச்சிக் குடுத்தேன். அடி வரைக்கும் புடிச்சாங்க."